அக்காவுக்கு எது முதல்ல: டெஸ்ட் பேக்கேஜா, மஞ்சள் மாத்திரையா, தியான வகுப்பா, ராத்திரிக்கு ஒரு ஆளா?

போன கார்த்திகை மாசம் அக்கா கேரட் நறுக்குறப்ப இடது கை ஆள்காட்டி விரல்ல வெட்டிக்கிட்டா. ஆழமான வெட்டு கூட இல்ல, ஒரு நெல்லு நீளம்தான் இருக்கும், ஆனா மார்கழி பாதி தாண்டியும் அது மூடல. எங்க லேப்புக்கு வந்தப்ப நானே துணியைப் பிரிச்சுப் பார்த்தேன், ஓரம் ரெண்டும் வெளிறிப்போய் நடுவுல ஈரமா பளபளன்னு இருந்துச்சு, வலிக்குதாக்கான்னு கேட்டா "அதை எல்லாம் பார்க்க எங்கடி நேரம்"னு சொல்றா. கோத்தகிரில ஒரு லேப்ல 14 வருஷமா ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு, எத்தனையோ பேரோட ரிப்போர்ட்டை எதிர்ல உக்காந்து விளக்கியிருக்கேன், சொந்த அக்கா ரெண்டு வருஷமா ராத்திரி முழுசா தூங்கலைங்கிறது அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

அக்காவுக்கு 52 வயசு. வீடு கோத்தகிரிலேர்ந்து பஸ்ல முக்கா மணி நேரம், வீட்டைச் சுத்தி முக்கா ஏக்கர் டீ. மாமா டீ பேக்டரில வேலை, கொழுந்து நிறைய வர்ற சீசன்ல நைட் ஷிப்ட் போட்டுடுவாங்க. அத்தைக்கு, அதாவது அக்காவோட மாமியாருக்கு, 81 வயசு, மூணு வருஷமா மறதி நோய். பகல்ல பேசாம உக்காந்திருப்பாங்க, ராத்திரி 11 மணிக்கு ஒரு தடவை, 1 மணிக்கு, 3 மணிக்குன்னு எந்திரிச்சு "எங்க வீட்டுக்குப் போகணும்"னு கதவைத் திறந்துடுவாங்க, வெளிய பாத்தா உறைபனி, இல்லைன்னா முற்றத்துலயே காட்டுமாடு நிக்கும். ஒருநாள் கதவுக்கும் மாட்டுக்கும் நடுவுல பத்தடிதான் இருந்துச்சுன்னு அக்கா சொன்னா. அதுக்கப்புறம் அவ கட்டில்ல படுக்கிறதில்ல, கதவுக்குக் குறுக்க பாயைப் போட்டுப் படுக்கிறா, அத்தை தாண்டினா கால் தட்டி முழிப்பு வந்துடும்னு.

ஆறாத புண்ணுன்னா எங்க வேலைல முதல்ல தோணுறது சுகர்தான். மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற எச்பிஏ1சி எடுத்தேன், 5.5, சுகர் இல்ல. ஹீமோகுளோபின் 11.2, கொஞ்சம் கம்மி. உடம்புக்குள்ள தொற்றோ வீக்கமோ இருக்கான்னு குறிப்பு காட்டுற இஎஸ்ஆர் 38. அதே வேலைக்கான இன்னொரு ரத்த டெஸ்ட் எச்எஸ்-சிஆர்பி 4.6, ரெண்டும் இருக்க வேண்டியதை விட அதிகம். ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப எடுத்தேன், 4.4. காய்ச்சல் சளி எதுவும் அப்ப இல்ல. ரிப்போர்ட்டை வாட்சப்ல குடும்ப குரூப்புல போட்டதுதான் தாமதம், ஆளுக்கு ஒரு யோசனை வந்துடுச்சு. திருப்பூர்ல இருக்கிற அண்ணன் 70க்கும் மேல டெஸ்ட் இருக்கிற முழு உடம்பு பேக்கேஜ் எடுங்கன்னான், கோயம்புத்தூர்ல வேலை பாக்கிற அக்கா பையன் மஞ்சள்ல இருந்து எடுத்த குர்க்குமின் கேப்சூல் வாங்கித் தர்றேன்னான், மாமா மூணு நாள் தியான வகுப்புக்கு அனுப்பலாம்னாரு, என் வீட்டுக்காரர் கவுன்சிலிங்னாரு. எல்லார்கிட்டயும் சேர்த்து மாசம் 6,000 ரூபாய் திரட்ட முடியும், அக்காவால வாரத்துக்கு அஞ்சு மணி நேரம் ஒதுக்க முடிஞ்சா அதுவே பெருசு. இந்தப் பணத்தையும் நேரத்தையும் எதுல போடுறதுன்னு நாங்க ஒரு வாரம் பேசினோம், இதே மாதிரி முடிவெடுக்க நிக்கிற வீடு எங்க பக்கத்துல மட்டுமே நாலஞ்சு எனக்குத் தெரியும், அதனாலதான் இவ்வளவு விவரமா எழுதுறேன்.

முதல்ல மன அழுத்தத்துக்கும் அழற்சிக்கும் என்ன சம்பந்தம்னு பாத்துடலாம். புத்தகத்துல அழற்சின்னு போடுவாங்க, நாங்க இன்ஃப்ளமேஷன்னே சொல்லிப் பழகிட்டோம், ஊர்ல பெரியவங்க உள்காய்ச்சல்னு சொல்றதும் ஏறக்குறைய இதைத்தான். முள்ளு குத்தின இடம் சிவந்து சூடாகி வீங்குதுல்ல, அது நல்லது, அடிபட்ட இடத்துக்கு எதிர்ப்பு செல்லுங்க ஓடி வர்ற அடையாளம். வேலை முடிஞ்சதும் அது அணைஞ்சுடணும். அணையாம உடம்பு முழுக்க லேசா கனன்னுட்டே இருந்தா அதுதான் தொல்லை, அடுப்புல தீ தெரியாது ஆனா சாம்பலுக்கு அடில கங்கு இருக்கும் பாருங்க, அந்த மாதிரி. இந்தக் கங்கை அளக்கத்தான் சிஆர்பி. எதிர்ப்பு செல்லுங்க ஐஎல்-6னு ஒரு செய்தியை ரத்தத்துல அனுப்பும், அதைக் கேட்டு லிவர் தயாரிக்கிற புரதம்தான் சிஆர்பி, 1930ல நியுமோனியா நோயாளிகளோட ரத்தத்துல கண்டுபிடிச்சாங்க. அதை நுணுக்கமா அளக்கிற டெஸ்ட்தான் எச்எஸ்-சிஆர்பி, அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ இருந்தா நல்லது, 1லேர்ந்து 3 நடுத்தரம், 3க்கு மேல அதிகம், 10ஐத் தாண்டினா ஏதோ இன்ஃபெக்‌ஷன் இருக்கலாம்னு அதைச் சரி பண்ணிட்டு மறுபடி பாக்கணும். இந்தக் கணக்கு இதய நோய் ஆபத்தைப் பாக்க 2003ல அமெரிக்காவுல வகுத்தது, மன அழுத்தத்தை அளக்க வகுத்தது இல்லைங்கிறதை ஞாபகம் வச்சுக்கங்க.

ஸ்ட்ரெஸ் இதுல எங்க வருதுன்னா, பயமோ கோபமோ வந்தா அட்ரினலின் ஏறும், எதிர்ப்பு செல்லுங்க "அடிபடப் போகுது, தயாரா இரு"ன்னு உஷாராகும். கூடவே கார்ட்டிசால்னு ஒண்ணும் சுரக்கும், அது பிரேக், வேலை முடிஞ்சதும் எல்லாத்தையும் அடக்கும். ஒருநாள் ரெண்டுநாள் டென்ஷனுக்கு இந்த ஏற்பாடு அருமையா வேலை செய்யும். ஆனா மாசக்கணக்குல வருஷக்கணக்குல அதே அழுத்தம் இருந்தா கார்ட்டிசால் கத்திக் கத்திச் சொன்னாலும் செல்லுங்க காது கொடுக்கிறதில்ல, மேட்டுப்பாளையம் மலைப்பாதைல கீழ இறங்குறப்ப பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா கடைசி கொண்டை ஊசில பிரேக் சூடாகிப் பிடிக்காம போகுமே அது மாதிரிதான். ஷெல்டன் கோஹன்னு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல ஒரு பேராசிரியர், 276 நல்ல ஆரோக்கியமான ஆளுங்களோட மூக்குல சளி வைரஸை விட்டுப் பாத்தாரு. ரொம்ப நாளா கஷ்டத்துல இருந்தவங்களோட செல்லுங்க கார்ட்டிசால் பேச்சைக் கேக்கல, அவங்களுக்கு சளியும் அதிகமா பிடிச்சுது. 2012ல வந்த ஆய்வு இது.

அக்கா விஷயத்துல என்னை உலுக்கினது வேற ஒண்ணு. அமெரிக்காவுல ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துல ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு 1995ல செஞ்சது. அல்சைமர் வந்த சொந்தக்காரங்களைப் பாத்துக்கிற 13 பொம்பளைங்க, அதே வயசுல அந்தச் சுமை இல்லாத 13 பேர், எல்லார் கையிலயும் 3.5 மில்லிமீட்டர்ல ஒரே அளவு சின்னக் காயம் போட்டு எத்தனை நாள்ல ஆறுதுன்னு எண்ணினாங்க. சுமை இல்லாதவங்களுக்கு சராசரி 39 நாள், பாத்துக்கிறவங்களுக்கு 49 நாள் ஆச்சு. அதே குழு 2003ல வயசான தம்பதிகளை வச்சு ஆறு வருஷம் தொடர்ந்து பாத்ததுல, மறதி நோய் வந்த துணையைப் பாத்துக்கிறவங்களுக்கு ஐஎல்-6 ஏறுற வேகம் மத்தவங்களை விட நாலு மடங்கு. அந்தத் துணை இறந்து வருஷக்கணக்கு ஆன பின்னாடியும் அந்த வேகம் குறையல. இதைப் படிச்சதுக்கு அப்புறம் "அத்தை காலம் முடியட்டும், அப்புறம் உன் உடம்பைப் பாத்துக்கலாம்"னு யாராவது அக்காகிட்ட சொன்னா எனக்குக் கோவம் வந்துடும், எங்க குடும்பத்துலயே ரெண்டு பேர் அப்படிச் சொன்னாங்க.

சம்பந்தம் ஒரு பக்கமா மட்டும் ஓடுறதில்ல. காய்ச்சல் வந்தா போர்வையைப் போத்திட்டு யார்கிட்டயும் பேசாம சாப்பாடு பிடிக்காம கிடக்கிறோமே, அதை நமக்குச் செய்ய வைக்கிறதே இந்த அழற்சிச் செய்திங்கதான். ஹெபடைடிஸ் சி வைத்தியத்துக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்துல நிறைய பேருக்கு அந்த ஊசியாலயே மனச்சோர்வு வந்துச்சு. அப்ப அழற்சியைக் குறைக்கிற மருந்தைக் கொடுத்தா மனசு சரியாயிடுமான்னா அது அவ்வளவு சுலபம் இல்ல, எமரி பல்கலைக்கழகத்துல மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு இருந்த 60 பேரை வச்சு, பாதிப் பேருக்கு இன்ஃப்ளிக்ஸிமாப்ங்கிற பலமான அழற்சி மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் சலைனும் ஏத்திப் பாத்தாங்க, 2013ல முடிவு வந்துச்சு, மொத்தமா பாத்தா வித்தியாசம் இல்ல, ஆரம்பத்துலயே சிஆர்பி 5க்கு மேல இருந்தவங்களுக்கு மட்டும் பலன் தெரிஞ்சுது.

சரி, இப்ப வந்த யோசனைங்களை எடுத்துப்போம். அண்ணன் சொன்ன பேக்கேஜ் 2,999 ரூபாய். நான் லேப்ல இருந்துட்டே இதை வேண்டாம்னு சொல்றது ஆச்சரியமா இருக்கலாம், ஆனா கணக்கைப் பாருங்க. ரிப்போர்ட்ல பக்கத்துல போடுற நார்மல் அளவுங்கிறது நல்லா இருக்கிற 100 பேர்ல 95 பேரை உள்ளடக்கிற மாதிரி வகுத்தது. அப்ப ஒரு நோயும் இல்லாத ஆளுக்கே ஒரு டெஸ்ட்ல வெளிய விழ 5 சதவீதம் வாய்ப்பு இருக்கு. ஒண்ணுக்கொண்ணு தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தா ஏதாவது ஒண்ணாவது தடிச்ச எழுத்துல வர்றதுக்கு 64 சதவீதம், 70 எடுத்தா 97 சதவீதம். அந்த ஒரு தடிச்ச எழுத்தைப் பாத்து ராத்திரி தூக்கத்தைத் தொலைச்சுட்டு விடியக்காலைல லேப் வாசல்ல நிக்கிற ஆளுங்களை நான் வாராவாரம் பாக்குறேன். அக்காவுக்குப் புதுசா ஒரு கவலையைக் காசு கொடுத்து வாங்கணுமா?

ஆனா டெஸ்ட்டே வேண்டாம்னு சொல்லல. ஸ்ட்ரெஸ்னு முத்திரை குத்துறதுக்கு முன்னாடி வேற காரணத்தைத் தள்ளியே ஆகணும். இடுப்புச் சுத்துக் கொழுப்பே ஐஎல்-6 சுரக்கும், ஈறு வீங்கி ரத்தம் வந்தா சிஆர்பி ஏறும், பீடி சிகரெட்டுக்கும் ஏறும், மூட்டுவாதம் உள்ள ஓடிட்டிருக்கலாம். நாங்க ரத்த அணுக்களை எண்ணுற சிபிசி, இஎஸ்ஆர், எச்பிஏ1சி, தைராய்டு, கிட்னிக்கு கிரியாட்டினின், யூரின் இவ்வளவுதான் எடுத்தோம், எங்க பக்கத்து விலைக்கு 1,400 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. அக்காவுக்கு மேல் வரிசைல ஒரு பல் ஈறு சீழ் பிடிச்சிருந்ததை டாக்டர்தான் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுக் கண்டுபிடிச்சாரு, அதை எந்தப் பேக்கேஜும் காட்டியிருக்காது. இன்னொண்ணு, காலைல எந்திரிச்சதும் விரல் மூட்டெல்லாம் விறைச்சு ஒரு மணி நேரம் மடக்க முடியாம இருந்தா அது ஸ்ட்ரெஸ்னு வீட்டுலயே முடிவு பண்ணாதீங்க, குளிருதுன்னும் விடாதீங்க, நம்ம மலைல எல்லாத்தையும் குளிர் மேல போட்டுடுறோம், முடக்கு வாதமா இருந்தா ஆரம்பத்துலயே மருந்து தொடங்கினாத்தான் மூட்டு கோணாம தப்பிக்கும்.

மாசாமாசம் சிஆர்பி எடுத்து ஸ்ட்ரெஸ் குறையுதான்னு பாக்கிறதும் வீண். ஒரு சளி பிடிச்சா ரெண்டு நாள்ல பல மடங்கு ஏறும், சரியானா சீக்கிரமே இறங்கிடும், தடுப்பூசி போட்ட வாரத்துலயும் ஏறும். மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவைக்கு மேல எடுக்காதீங்க, எடுத்தாலும் உடம்பு நல்லா இருக்கிற வாரத்துல எடுங்க.

மஞ்சள் கேப்சூல் மாசம் 1,650. பையன் அம்மா மேல இருக்கிற பாசத்துல சொன்னான், அதைக் குறை சொல்ல மாட்டேன். சில சின்ன ஆய்வுகள்ல சிஆர்பி கொஞ்சம் குறைஞ்சதும் உண்மை. ஆனா நம்ம சமையல் மஞ்சள்ல குர்க்குமின் 3 சதவீதம் அளவுதான், அதுவும் குடல் உறிஞ்சுறது ரொம்பக் கம்மி, அதனால கேப்சூல்ல மிளகுச் சத்தைச் சேர்த்து உறிஞ்ச வைக்கிறாங்க, அப்படி அதிக அளவுல உள்ள போறப்ப சிலருக்கு லிவர் கெட்டுப்போன கேஸுங்க மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இன்னும் ஆபத்து. ரசத்துல பால்ல போடுற மஞ்சளைப் போடுங்க, அதுக்கு யாரும் பயப்பட வேண்டாம். கேப்சூலுக்கு மாசம் 1,650ன்னா எங்க கணக்குல அது மூணு ராத்திரித் தூக்கத்தோட விலை, அது ஏன்னு கீழ சொல்றேன்.

இதைவிட எனக்குப் பெரிய பயம் செட் மாத்திரைதான். உடம்பு வலின்னு மெடிக்கல்ல போய்க் கேட்டா கலர் கலரா நாலு மாத்திரையைப் பேப்பர்ல மடிச்சுக் கொடுப்பாங்க, தோட்டத்துல வேலை செய்யிறவங்க பாதிப் பேர் பையில அது இருக்கும். அதுல டைக்ளோஃபினாக் இருந்தா வயித்துல புண்ணு, கிட்னிக்கு அடி. ஸ்டீராய்டு இருந்தா ரெண்டே நாள்ல உடம்பு பறக்கிற மாதிரி இருக்கும், அது கார்ட்டிசாலோட தம்பி மாதிரிங்கிறதால அழற்சி அடங்கிடும், அப்புறம் சுகர் ஏறும், எலும்பு கரையும், தூக்கமே போயிடும், மாசக்கணக்குல சாப்பிட்டுட்டுத் திடீர்னு நிறுத்தினா உடம்பு சொந்தமா கார்ட்டிசால் சுரக்க முடியாம உயிருக்கே ஆபத்தாகும். அக்கா பையிலயும் ஒரு மடிப்பு இருந்துச்சு. வாங்கி டாக்டர் மேஜை மேல வச்சேன்.

தியானம், யோகா இதுக்கு ஆதாரம் நான் நினைச்சதை விட நல்லாவே இருக்கு. அதே ஒஹையோ குழு 2014ல, மார்பகப் புத்துநோய் வைத்தியம் முடிஞ்ச 200 பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு 12 வாரம் யோகா சொல்லிக் கொடுத்தாங்க, முடிஞ்சு மூணு மாசம் கழிச்சுப் பாத்தா அவங்களோட அழற்சி அளவுங்க மத்தவங்களை விடக் குறைவு, களைப்பும் நல்லாக் குறைஞ்சிருந்துச்சு. ஆனா மாமா சொன்ன வகுப்பு கோயம்புத்தூர்ல, மூணு நாள், 3,500 ரூபாய், பஸ் செலவு தனி. அந்த மூணு நாள் அத்தையை யாரு பாத்துக்குவாங்கன்னு கேட்டேன், மாமாகிட்ட பதில் இல்ல. போயிட்டு வந்து நாலாம் நாள் ராத்திரி மறுபடி அதே கதவுக்குக் குறுக்க அதே பாய். சுமை அப்படியே இருக்க சுமக்கிறவளுக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக் கொடுத்தா அவ அதையும் ஒரு வேலையா சேர்த்துக்கிட்டு, அது முடியலைன்னு இன்னும் நொந்துக்குவா. மெதுவா மூச்சு விடுறதை நானே அவளுக்கு அடுப்படில வச்சு சொல்லிக் கொடுத்தேன், நிமிஷத்துக்கு ஆறு மூச்சு, சாயங்காலம் அத்தை பரபரக்க ஆரம்பிக்கிற நேரத்துல அஞ்சு நிமிஷம், காசு ஒண்ணும் இல்ல.

நடைப்பயிற்சியைப் பத்தி நீட்ட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷம்னு சொல்லுது, அக்கா ஒரே நாள்ல மேட்டுத் தோட்டத்துல கொழுந்துக் கூடையோட அவ்வளவு ஏறி இறங்கிடுவா. ஆனா இதைப் படிக்கிறவங்க ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்கிறவங்க, இடுப்பு பெருத்திருக்கு, ராத்திரி நல்லா தூங்குறீங்கன்னா உங்க வரிசைல நடைதான் முதல்ல வரணும், மத்ததெல்லாம் அப்புறம்.

கவுன்சிலிங் விஷயத்துல என் வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி. 2020ல 56 ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்து ஒரு அலசல் வந்துச்சு, மனசுக்குக் கொடுக்கிற வைத்தியங்கள் எதிர்ப்புச் சக்தியைச் சரி பண்ணுதான்னு, அதுல சிபிடிங்கிற முறை முன்னாடி நின்னுச்சு, எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியா மாத்திக் கொடுக்கிற பேச்சு வைத்தியம் அது. தூக்கம் வராத 123 பெரியவங்களை வச்சு 2014ல செஞ்ச இன்னொரு ஆய்வுலயும் சிபிடி எடுத்தவங்களுக்கு சிஆர்பி 3க்கு மேல போற ஆபத்து குறைஞ்சுது. பணம் இல்லைன்னு இதை விடாதீங்க, 14416க்குப் போன் போட்டா டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி, 2022 அக்டோபர்லேர்ந்து நடக்குது, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. அக்கா ஒருநாள் தோட்டத்து ஓரத்துல சிக்னல் கிடைக்கிற பாறை மேல உக்காந்து 25 நிமிஷம் பேசினா, முடிச்சுட்டு வந்து முகத்தைக் கழுவிட்டு "ரெண்டு வருஷத்துல நான் பேசுறதை ஒருத்தர் இடையில பேசாம கேட்டாங்க"ன்னா. சாகணும்னு எண்ணம் வருதுன்னா, அழுகை நிக்கலைன்னா, இந்தக் கட்டுரையோட மத்த எல்லா ஒப்பீட்டையும் தூக்கி வச்சுட்டு முதல்ல அந்த நம்பர், இல்லைன்னா மனநல டாக்டர்.

பாதி சரின்னு ஏன் சொன்னேன்னா, தூக்கம் வராத ஆளுக்கும் தூக்கம் வந்தும் தூங்க விடாம எழுப்பப்படுற ஆளுக்கும் வைத்தியம் வேற. அக்காவைப் பகல்ல ரெண்டு மணிக்குத் திண்ணைல சாய வச்சா ரெண்டு நிமிஷத்துல குறட்டை விடுறா. அவகிட்ட தூக்கம் இருக்கு, அதை ராத்திரிக்கு மூணு தடவை யாரோ எடுத்துட்டுப் போறாங்க. தூக்கம் கெட்டா சிஆர்பியும் ஐஎல்-6ம் ஏறுதுங்கிறதை ஏகப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து 2016ல மைக்கேல் இர்வின் குழு காட்டிட்டாங்க. டாக்டர் ரிப்போர்ட்டை ஒரு நிமிஷம்தான் பாத்தாரு, "ராத்திரி யாரும்மா பாத்துக்கிறாங்க?"ன்னு கேட்டாரு, அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தவ அப்படியே அழுதுட்டா.

அதனால எங்க முடிவு, 6,000த்துல 4,000 ராத்திரிக்கு ஆள் வைக்கிறதுக்கு. பக்கத்து லைன் வீட்டுல இருக்கிற ஒரு அம்மா, முன்னாடி ஆஸ்பத்திரில ஆயா வேலை பாத்தவங்க, வாரத்துக்கு ரெண்டு ராத்திரி, ராத்திரிக்கு 500. மீதில அக்காவுக்கு ஈறு வைத்தியம், இரும்புச்சத்து மாத்திரை, விரலுக்கு கையுறையும் கட்டுத் துணியும்.

இது சொல்ற மாதிரி சுலபமா நடக்கல. அக்கா ஒத்துக்கவே இல்ல. "என் மாமியார் துணியை இன்னொருத்தி மாத்துறதா, நாளைக்கு ஊருக்குள்ள நான் எப்படி நடக்கிறது"ன்னா. மாமாவோட தங்கச்சி போன்ல "அம்மாவை வேலைக்காரிகிட்ட விட்டுட்டாங்க"ன்னு சொன்னது காதுக்கு வந்துச்சு. நான் அவங்களுக்கே போன் பண்ணி, அண்ணி, அப்படின்னா மாசத்துல நாலு ராத்திரி நீங்க வந்து படுத்துக்கங்க, நாங்க ஆளைக் குறைச்சுக்கிறோம்னு கேட்டேன், கோவமா கேக்கல, நிஜமாவே வந்தா நல்லதுன்னுதான் கேட்டேன். அவங்க மூணு நாள் யோசிச்சுட்டு மாசத்துக்கு ரெண்டு ராத்திரி வர ஆரம்பிச்சாங்க, இப்ப வரைக்கும் வர்றாங்க. ஆய்வுல எல்லாம் சுமைன்னு ஒரு வார்த்தைல போயிடுது, வீட்டுல அது யார் எந்த ராத்திரி எந்திரிக்கிறதுங்கிற கணக்குதான், அதைப் பேசாம எந்த மாத்திரையும் வேலைக்கு ஆகாதுங்கிறது என் தீர்மானமான எண்ணம்.

ஆள் இல்லாத ராத்திரிங்களுக்கு காசில்லாம சிலது செஞ்சோம். கதவுத் தாழ்ப்பாளை அத்தை கண்ணுக்குப் படாத உயரத்துக்கு மாத்தினோம். பழைய மாட்டு மணி ஒண்ணைக் கதவுக்குப் பின்னாடி கட்டிவிட்டோம், அதனால அக்கா பாயை விட்டுட்டுக் கட்டிலுக்குப் போக முடிஞ்சுது. பகல்ல அத்தையை வெயில்ல உக்கார வச்சு தூங்க விடாம கேரட் கழுவக் கொடுக்கிறோம், ராத்திரி ஒரு முழிப்பு குறைஞ்சிருக்கு. தை மாசம் ரெண்டு நாள்ல திடீர்னு அத்தைக்குக் குழப்பம் ஜாஸ்தியாகி யாரையுமே தெரியாம கத்தினாங்க, எல்லாரும் நோய் முத்திடுச்சுன்னு நினைச்சாங்க, நான் யூரின் எடுத்துப் பாத்தா இன்ஃபெக்‌ஷன், மருந்து கொடுத்து அஞ்சாம் நாள் பழைய நிலைக்கு வந்தாங்க. வயசானவங்களுக்கு மூளை வரைக்கும் அழற்சி எட்டுறதை அன்னைக்குக் கண்ணால பாத்தேன், மறதி நோய் இருக்கிற வீட்டுல திடீர்னு மோசமானா டாக்டர்கிட்ட போங்க, விதின்னு விடாதீங்க. அத்தையோட பிரஷர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வருது, அதுக்காக அக்கா ஒரு நாள் வேலையை விட்டு ஆஸ்பத்திரி வரிசைல நின்னுட்டிருந்தது மிச்சம். அக்காவோட இரும்பு மாத்திரையை டீயோட சாப்பிடாம ரெண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வச்சேன், டீல இருக்கிற டானின் இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும், நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஊறாததுக்கு அது ஒரு காரணமா இருக்கும்னு நினைக்கிறேன்.

விரல் தை மாசம் மூணாவது வாரம் மூடிடுச்சு. தூங்கினதாலயா, கையுறை போட்டு ஈரம் படாம வச்சதாலயான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது, ரெண்டும் ஒரே வாரத்துலதான் தொடங்கினோம். சித்திரைல எச்எஸ்-சிஆர்பி 2.8, இஎஸ்ஆர் 24, ஹீமோகுளோபின் 12.1. இதுலயும் ஈறு சரியானதுக்கு ஒரு பங்கு இருக்கும், ஒரு ஆளோட நம்பரை வச்சு எதையும் நிரூபிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த அம்மா வந்த முதல் ராத்திரியை நான் மறக்க மாட்டேன், நானும் அன்னைக்கு அங்கதான் தங்கினேன். ஒன்பதரைக்குப் படுத்தா அக்கா. ஒரு மணிக்கு மணிச் சத்தம் கேட்டு உடம்பு தூக்கிப் போட்டு எந்திரிச்சு கதவு வரைக்கும் ஓடிட்டா, அந்த அம்மா அத்தை கையைப் பிடிச்சுக்கிட்டு "வீட்டுக்குத்தானே, விடியட்டும் போலாம்"னு சொல்லிட்டிருந்தாங்க. அக்கா நின்னு பாத்துட்டே இருந்தா. அப்புறம் திரும்பி வந்து என் பக்கத்துல படுத்து என் கம்பளியை இழுத்துப் போத்திக்கிட்டா, சின்ன வயசுல இழுக்கிற மாதிரியே. பேக்டரி சங்கு ஊதினப்பவும் எந்திரிக்கல.

இப்ப மூணாவது ராத்திரிக்கும் அந்த அம்மாவைக் கேக்கலாமான்னு பேசிட்டிருக்கோம். மாசம் 2,000 கூடும். கொழுந்து விலை ஆனி மாசம் எப்படி இருக்குன்னு பாத்துட்டுச் சொல்றேன்னு மாமா சொல்லியிருக்காரு, கேப்சூல் காசு 1,650ஐ இதுக்குத் தர்றேன்னு பையன் சொல்லிட்டான்.